எலிகளின் குடலை ஆற்றிய கதிரியக்க வாயு... மனிதர்களுக்கும் பலிக்குமா?

1984-ம் வருடம், டிசம்பர் மாதம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஓர் அணுமின் நிலையத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை பார்த்த இன்ஜினீயர் ஒருவர் வாசலில் இருந்த கதிரியக்கச் சோதனைக் கருவியைத் தாண்டும்போதெல்லாம் அலாரம் அலறியது. வேலை முடிந்து வெளியே போகும்போது அடித்தால் ஆச்சர்யமில்லை. ஒருநாள் வேலைக்கு உள்ளே நுழைந்தபோதே அடித்தது. அதைவிட வேடிக்கை, அந்த நிலையத்தில் அணு உலை இன்னும் இயங்கவே ஆரம்பிக்கவில்லை. அப்படியானால் அவர் உடம்பில் ஒட்டியிருந்த கதிரியக்கம் எங்கிருந்து வந்தது?

அவருடைய வீட்டிலிருந்துதான்! வீட்டுக் காற்றைச் சோதித்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 1,00,000 பெக்கரெல் அளவுக்கு ரேடான் வாயு இருந்தது. ஒரு பெக்கரெல் என்றால், ஒரு விநாடிக்கு ஓர் அணு சிதைகிறது என்று பொருள். குடும்பம் உடனே வீட்டைக் காலி செய்தது. அதன் பிறகுதான் அமெரிக்கா முழுக்க, வீடு வாங்குவதற்கு முன்பு ரேடானை அளந்து பார்க்கும் பழக்கம் பரவியது.

இனி, அப்படியே ஆஸ்திரியாவுக்கு வாருங்கள். ஆல்ப்ஸ் மலையில் பாட் காஸ்டைன் என்று ஓர் ஊர். அங்கே குட்டி ரயிலில் ஏறி, மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் சுமார் 2 கிலோமீட்டர் போகிறார்கள் நோயாளிகள். உள்ளே வரிசையாகக் கட்டில்கள். படுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் மூச்சு விடுகிறார்கள். அந்தச் சுரங்கக் காற்றில் இருப்பது கன மீட்டருக்குச் சராசரியாக 44,000 பெக்கரெல் ரேடான்!

அங்கே வீட்டைவிட்டு ஓட வைத்த வாயு. இங்கே காசு கொடுத்துச் சுவாசிக்கும் வாயு. இரண்டும் ஒன்றுதான்.

இந்தப் புதிரில் இப்போது குடல் நோயாளிகளும் சேர்ந்திருக்கிறார்கள். ரேடானைக் குறைந்த அளவில் சுவாசித்தால் குடல் அழற்சி தணியலாம் என்று ஜப்பானில் ஓர் ஆராய்ச்சி சொல்கிறது. நம்பலாமா?

காலுக்குக் கீழே கசியும் வாயு

ரேடானை யாரும் தயாரிப்பதில்லை. பாறையிலும் மண்ணிலும் இயற்கையாகவே கொஞ்சம் யுரேனியம் இருக்கிறது. அது சிதைந்து சிதைந்து ரேடியம் ஆகிறது. ரேடியம் சிதைந்தால் ரேடான். நிறம் கிடையாது, மணம் கிடையாது, சுவை கிடையாது. திறந்தவெளியில் காற்றோடு கலந்து நீர்த்துப்போகும். ஜன்னலைச் சாத்திய அறையிலும், தரைக்குக் கீழே கட்டிய அறைகளிலும் தேங்கிவிடும். குளிர் தேசங்களில் இது பெரிய பிரச்னையாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ரேடானின் ஆயுளும் குறைவு. 3.8 நாட்களில் பாதி அளவு சிதைந்துவிடும். அப்படிச் சிதையும்போது ஆல்பா துகள்களை வெளியேற்றும். சிதைந்த பிறகு மிஞ்சும் பொலோனியம் போன்ற திடத் துகள்கள் நுரையீரலில் ஒட்டிக்கொண்டு, அங்கிருந்தும் கதிர்களைப் பாய்ச்சும்.

அதனால்தான், சிகரெட்டுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் ரேடான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டுக் காற்றில் கன மீட்டருக்கு 100 பெக்கரெலுக்குள் இருப்பது நல்லது என்றும், முடியாவிட்டாலும் 300-ஐத் தாண்டக் கூடாது என்றும் அது வரம்பு வைத்திருக்கிறது. புகைபிடிப்பவர்களுக்கு ரேடானால் வரும் ஆபத்து, புகைக்காதவர்களைவிட 25 மடங்கு அதிகம் என்பதும் அதன் கணிப்பு.

இது இன்று நேற்று தெரிந்த ஆபத்து இல்லை. ஜெர்மனியின் ஷ்னீபெர்க் பகுதிச் சுரங்கத் தொழிலாளர்கள் நூற்றாண்டுக் கணக்கில் மர்மமான நெஞ்சு நோயால் செத்துக்கொண்டிருந்தார்கள். அது நுரையீரலில் வளரும் புற்றுக்கட்டி என்று 1879-ல் இரண்டு மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். ரேடான் என்ற வாயுவே அப்போது உலகுக்குத் தெரியாது.

தங்கம் தேடப் போனார்கள்... வலி போனது!

பிறகு இதை மருந்து என்று முதலில் சொன்னது யார்?

பாட் காஸ்டைன் சுரங்கம் வைத்தியத்துக்காக வெட்டப்பட்டதில்லை. 1940-களில் அங்கே தங்கம் கிடைக்குமா என்று மலையைத் தோண்டினார்கள். எதிர்பார்த்த தங்கம் கிடைக்கவில்லை. ஆனால், உள்ளே வேலை பார்த்தவர்கள் மூட்டுவலி குறைந்துவிட்டது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மருத்துவர்கள் ஆராய்ந்து பார்த்தார்கள். 1952 முதல் அது சிகிச்சைச் சுரங்கமாகிவிட்டது.

ஜப்பானில் இன்னும் பழைய கதை உண்டு. டோட்டோரி மாகாணத்தில் மிசாசா என்ற வெந்நீர் ஊற்று. 1164-ம் வருடம், வீரன் ஒருவன் காட்டில் ஒரு வெள்ளை ஓநாயைக் கண்டானாம். அம்பு விடாமல் உயிரோடு விட்டானாம். அதற்கு நன்றியாகத்தான் இந்த ஊற்று இருக்கும் இடம் அவனுக்குத் தெரியவந்தது என்பது ஐதீகம். மிசாசா என்றால் 'மூன்று காலைகள்'. மூன்று காலைப்பொழுது அங்கே தங்கினால் நோய் விலகும் என்பது அந்த ஊர்க்காரர்கள் நம்பிக்கை. அந்த வெந்நீரிலிருந்து எழும் ஆவியில் இருப்பதும் ரேடான்தான்.

சரி, இதெல்லாம் வெறும் நம்பிக்கைதானா? கதகதப்பான இடம், மூன்று வாரம் ஓய்வு, அடுப்படி இல்லை, அலுவலகம் இல்லை. இப்படி இருந்தாலே யாருக்கும் வலி குறையுமே!

இந்தச் சந்தேகம் ஆராய்ச்சியாளர்களுக்கும் வந்தது. ஜெர்மனியில் முடக்குவாத நோயாளிகள் 60 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு ரேடானும் கார்பன் டை ஆக்ஸைடும் கலந்த நீரில் குளியல். இன்னொரு குழுவுக்கு கார்பன் டை ஆக்ஸைடு மட்டும். மற்றபடி கவனிப்பில் வித்தியாசம் இல்லை. முதலில் இரண்டு குழுவினருக்கும் வலி ஒரே மாதிரி குறைந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, ரேடான் குழுவினருக்கு மட்டும் பலன் நீடித்திருந்தது. 2000-ம் வருடம் வெளியான ஆய்வு இது. சின்ன ஆய்வுதான். ஆனாலும், ஓய்வைத் தாண்டி ஏதோ ஒன்று நடக்கிறது என்று யோசிக்க வைத்தது.

குடல் எங்கே வந்தது?

மூட்டில் நடப்பதும் அழற்சி, குடலில் நடப்பதும் அழற்சி. அதுதான் தொடர்பு.

குடல் அழற்சி நோய்கள் என்று மருத்துவர்கள் சொல்வது முக்கியமாக இரண்டை. ஒன்று, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலின் உள் சவ்வில் புண் வரும். இன்னொன்று, க்ரோன்ஸ் நோய். வாயிலிருந்து ஆசனவாய் வரை எந்த இடத்தையும் தாக்கும். குடல் சுவரில் ஆழமாகவும் இறங்கும். இரண்டிலுமே, உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, வழி தவறி சொந்தக் குடலையே தாக்குகிறது.

ரத்தமும் சளியுமாகப் பேதி, வயிற்றைப் பிசையும் வலி, எடை குறைவு, சோர்வு. நாளுக்கு எட்டுப் பத்து முறை கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கும். பஸ் பயணம் என்றாலே பயம். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரத் தயக்கம். வெளியே சொல்லவும் கூச்சம். பெரும்பாலும் இளம் வயதிலேயே ஆரம்பித்துவிடும் நோய் இது. கொஞ்ச நாள் அடங்கியிருக்கும். பிறகு மறுபடி தலைதூக்கும். இந்தியாவிலும் இந்த நோயாளிகள் அதிகரித்து வருகிறார்கள்.

மாத்திரைகள் இருக்கின்றன. மெசலமைன், ஸ்டீராய்டு, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகள், விலை கூடிய பயாலஜிக் ஊசிகள் என்று வரிசையாக இருக்கின்றன. எல்லாம் எல்லோருக்கும் கேட்பதில்லை. சிலருக்குப் பெருங்குடலையே அறுவை செய்து அகற்ற வேண்டிவருகிறது. இந்த நிலையில் இருப்பவர்களிடம் 'ஒரு வாயுவைச் சுவாசித்தால் போதும்' என்று யாராவது சொன்னால், காது கொடுக்காமல் இருப்பார்களா?

ஒகாயாமா எலிகள்

2012-ல் ஜப்பானின் ஒகாயாமா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சோதனை எளிமையானது.

டெக்ஸ்ட்ரான் சல்பேட் சோடியம் என்று ஒரு ரசாயனம். அதை எலிகளின் குடிநீரில் கலந்துவிட்டால், சில நாட்களில் பெருங்குடல் புண்ணாகி ரத்தபேதி ஆரம்பிக்கும். கொலைட்டிஸ் ஆராய்ச்சிக்கு உலகம் முழுக்கப் பயன்படும் முறை இது. ஒகாயாமாவில் எலிகளுக்கு 7 நாட்கள் இந்தத் தண்ணீரைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்குச் சாதாரணக் காற்று. இன்னொரு பிரிவுக்கு, கன மீட்டருக்கு 2,000 பெக்கரெல் ரேடான் கலந்த காற்று. ரசாயனத் தண்ணீர் கொடுப்பதற்கு ஒருநாள் முன்பிருந்தே ரேடானை ஆரம்பித்து, கடைசி நாள் வரை விடாமல் சுவாசிக்க வைத்தார்கள்.

முடிவு என்ன? ரேடானைச் சுவாசித்த எலிகளுக்கு நோயின் கடுமை குறைவாக இருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தபோது குடல் சவ்வின் சேதமும் குறைவு. டி.என்.எஃப்-ஆல்பா என்ற அழற்சிப் புரதத்தை ரத்தத்தில் அளந்ததிலும் அழற்சி தணிந்தது தெரிந்தது.

இந்த டி.என்.எஃப்-ஆல்பா சாதாரணப் பெயரில்லை. க்ரோன்ஸ் நோய்க்கும் கொலைட்டிஸுக்கும் மருத்துவமனைகளில் போடும் இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசி அடக்குவது இதே புரதத்தைத்தான். விலை உயர்ந்த ஊசி குறிவைக்கும் அதே புரதம் இந்தச் சோதனையிலும் அசைந்திருக்கிறது என்பதால்தான் இதை அலட்சியமாக ஒதுக்க முடியவில்லை.

அடித்து எழுப்பும் வைத்தியம்

நுரையீரலுக்குப் போன வாயு குடலுக்கு எப்படி வந்தது? ரேடான் ரத்தத்தில் கரையும். ரத்தம் போகும் இடமெல்லாம் போகும். கொழுப்புள்ள திசுக்களில் கொஞ்சம் அதிகம் தங்கும். பிறகு மூச்சு வழியாகவே பெரும்பகுதி வெளியேறிவிடும். போகிற வழியில் சிதையும் அணுக்கள் செல்களை லேசாகச் சீண்டும்.

தினமும் உடற்பயிற்சி செய்கிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் உடம்பு வலிக்கும். தசை நார்களில் நுண்ணிய சேதம்கூட வரும். உடம்பு அதைச் சரிசெய்யும்போது, முன்பைவிட உறுதியாகக் கட்டிக்கொள்கிறது. குறைந்த கதிரியக்கமும் இப்படித்தான் செய்கிறது என்பது ஆராய்ச்சியாளர்களின் விளக்கம். சின்னச் சீண்டலைச் சமாளிக்க, செல்கள் தங்கள் ஆன்டி ஆக்ஸிடன்ட் படையை அதிகப்படுத்துகின்றனவாம். ரேடான் எலிகளின் பெருங்குடலில் எஸ்.ஓ.டி என்ற நொதியும், குளுட்டதயோன் என்ற பொருளும் மற்ற எலிகளைவிடக் கூடுதலாக இருந்தன.

'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பார்கள் பெரியவர்கள். அளவோடு இருந்தால் நஞ்சும் அமிர்தமாகுமா என்பதுதான் இங்கே கேள்வி.

எலி வேறு, மனிதன் வேறு

இங்கேதான் நிதானம் வேண்டும்.

முதலாவது, எலிகளுக்கு வந்தது ரசாயனம் கொடுத்ததால் வந்த ஒரு வாரப் புண். தண்ணீரை மாற்றினால் தானாகவே ஆற ஆரம்பிக்கும். மனிதனுக்கு வருவது வருடக்கணக்கில் விடாமல் துரத்தும் எதிர்ப்பு சக்தி நோய்.

இரண்டாவது, ரேடான் கொடுக்க ஆரம்பித்தது நோய் வருவதற்கு முன்பே. வீடு எரியும் முன்பே கூரையை நனைத்து வைத்தது போல. ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் வீட்டை அந்தத் தண்ணீர் அணைக்குமா என்பதற்கு இந்தச் சோதனையில் பதில் இல்லை.

மூன்றாவது, எலி வாழ்வதே இரண்டு மூன்று வருடங்கள். சோதனை நடந்ததோ சில நாட்கள். இருபது வயதில் ரேடானைச் சுவாசிக்கும் ஒருவருக்கு ஐம்பது வயதில் நுரையீரலில் என்ன ஆகும் என்பதை எட்டு நாள் எலி சொல்ல முடியாது.

இன்னொரு முரணும் உண்டு. கர்ப்பப்பை வாய், புராஸ்டேட் போன்ற இடங்களில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்களில் சிலருக்கு, அந்தக் கதிர்கள் பட்டதாலேயே மலக்குடலில் புண் வந்து ரத்தம் கசியும். அதிக அளவில் குடலைப் புண்ணாக்கும் கதிர்வீச்சு, குறைந்த அளவில் புண்ணை ஆற்றுமா? அளவில்தான் முழுச் சூட்சுமமும்.

ஒரு சின்னக் கணக்கு

100 பெக்கரெல் ரேடான் உள்ள வீட்டில் ஒருவர் வருடத்துக்கு 7,000 மணி நேரம் இருக்கிறார் என்று வையுங்கள். 100-ஐ 7,000-ஆல் பெருக்கினால் 7 லட்சம். பாட் காஸ்டைன் சுரங்கத்தில் 44,000 பெக்கரெலில் 10 மணி நேரம் இருந்தால் 4,40,000. ஒகாயாமா எலிகளுக்கு 2,000 பெக்கரெலில் 8 நாட்கள், அதாவது 192 மணி நேரம், பெருக்கினால் 3,84,000.

தோராயக் கணக்குதான் இது. ஆனால், ஒன்று புரிகிறது. சுரங்கத்தில் சில மணி நேரம் படுப்பவருக்குச் சேர்வது, வரம்புக்கு உட்பட்ட வீட்டில் ஒரு வருடம் வாழ்பவருக்குச் சேர்வதைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். ஆகவே, 'சுரங்கத்துக்குப் போனாலே புற்றுநோய்' என்று அலறவும் வேண்டாம். பென்சில்வேனியா இன்ஜினீயர் குடும்பம் ராப்பகலாக 1,00,000 பெக்கரெலில் வாழ்ந்தது. அந்தக் கணக்கு வேறு.

குறைந்த அளவுக் கதிரியக்கம் கெடுதலா, இல்லையா என்பதில் விஞ்ஞானிகளே இரண்டு கட்சி. எவ்வளவு குறைத்தாலும் அதற்கேற்ற ஆபத்து மிச்சம் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் உலக நாடுகள் பாதுகாப்பு விதிகளை வகுத்திருக்கின்றன. மறுபக்கம், கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி போலவே மோனசைட் மணல் நிறைந்த கேரளத்துக் கருநாகப்பள்ளியில், 69,000-க்கும் மேற்பட்டவர்களை வருடக்கணக்கில் கவனித்தார்கள். மண்ணிலிருந்து வரும் காமா கதிர்களால் அங்கே புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009-ல் அறிவித்தார்கள். ஆனால், அது உடம்புக்கு வெளியிலிருந்து படும் காமா கதிர். ரேடானோ, உள்ளே போய் ஆல்பா துகளைவிடும் வாயு. ஒன்றை வைத்து மற்றதை முடிவு செய்ய முடியாது.

பாட்டிலில் வந்த எமன்

கதிரியக்கம் நல்லது என்று கேட்டதுமே கடை விரிப்பவர்களும் உண்டு. 1920-களில் அமெரிக்காவில் 'ரேடித்தார்' என்ற ரேடியம் தண்ணீர் பாட்டில் சர்வரோக நிவாரணியாக விற்றது. எபென் பையர்ஸ் என்ற கோடீஸ்வர கோல்ஃப் வீரர் வருடக்கணக்கில் அதைக் குடித்தார். முதலில் தெம்பாக இருக்கிறது என்றார். பிறகு தாடை எலும்பு அரித்துப்போனது. 1932-ல் இறந்தார். ரேடான் மூச்சோடு வெளியேறிவிடும். ரேடியம் எலும்பில் குடியேறிவிடும். அந்த வித்தியாசத்தை விளம்பரம் சொல்லவில்லை.

அந்தக் காலம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். 5ஜி அலைகளிலிருந்து காக்கும் என்று ஆன்லைனில் விற்ற பென்டன்ட், பிரேஸ்லெட் போன்ற பத்துப் பொருட்களில் கதிரியக்கம் இருப்பதாக 2021-ல் நெதர்லாந்து அணுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. அப்படி ஒன்றை இரவும் பகலும் கழுத்தில் போட்டிருப்பது சிகிச்சையில்லை. அளவு தெரியாத கதிரியக்கம் எதுவும் சிகிச்சையில்லை.

இப்போது என்ன செய்யலாம்?

குடல் அழற்சிக்கு ரேடான் இன்றைக்கு ஒரு சிகிச்சையில்லை. ஒரு வாய்ப்பு மட்டுமே. எலியில் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. மனிதர்களிடம் முறையான சோதனை நடந்து, பலனையும் ஆபத்தையும் எடைபோட்ட பிறகே அது மருந்துச் சீட்டில் இடம்பெற முடியும். ஒருவேளை, அழற்சி தணிவதற்கான வழி தெளிவாகிவிட்டால், ரேடானே இல்லாமல் அதே வேலையைச் செய்யும் மாத்திரைகூட வரலாம்.

அதுவரை நோயாளிகள் மனதில் வைக்க வேண்டியவை இவை:

* மலத்தில் ரத்தம் வந்தால் மூலம் என்று நீங்களாகவே முடிவு செய்யாதீர்கள். கொலைட்டிஸாக இருக்கலாம், அமீபா தொற்றாக இருக்கலாம், குடல் காசநோய்கூட க்ரோன்ஸ் நோய் போலவே தோற்றம் காட்டும். குடல் நோய் நிபுணரைப் பாருங்கள்.

* 'இப்போது நன்றாகத்தானே இருக்கிறது' என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். அடங்கியிருக்கும் நோய் மறுபடி கிளம்புவதற்கு முக்கியமான காரணம் அதுதான். பல வருடங்கள் அடங்காமல் இருக்கும் அழற்சி, பெருங்குடல் புற்றுநோய்க்கும் வழிவிடும். மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கொலோனோஸ்கோபி செய்துகொள்ளுங்கள்.

* புகைபிடிக்கும் பழக்கம் இருந்தால், இன்றே விடுங்கள். க்ரோன்ஸ் நோயை அது கடுமையாக்கும். ரேடானுடன் சேர்ந்தால் நுரையீரலுக்கும் இரட்டை அடி.

* சுரங்கம், ஊற்று, கல், பெல்ட் என்று எந்தப் புதிய வைத்தியத்தை யார் சொன்னாலும், முதலில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

மிசாசாவில் நோய் விலக மூன்று காலைகள் போதும் என்கிறது ஐதீகம். ஒரு மருந்து நிரூபணமாவதற்கு அத்தனை சீக்கிரம் விடிவதில்லை. அது விடியும் வரை, காலையிலும் இரவிலும் போட வேண்டிய மாத்திரையை மறக்காமல் போடுவதுதான் குடலுக்குச் செய்யும் பெரிய உதவி.